ஏற்றிய இரும்பை இறக்கியாக வேண்டும்

"ரத்தம் ஏத்தியாச்சு. புள்ளையும் நல்லா ஓடி ஆடுது. அப்புறம் எதுக்குங்க ராத்திரி ராத்திரி ஊசி, மருந்து?"

தலசீமியா நோயுள்ள பிள்ளைகளின் தாய்மார்களோடு பேசும்போது நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேள்வியில் தப்பில்லை. ரத்தம் ஏற்றினால் பிள்ளையின் முகத்தில் களை வருவது கண்ணுக்குத் தெரிகிறது. மருந்து செய்கிற வேலை கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாத ஒன்றுக்காகத் தினமும் பிள்ளையை அழவைக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? ஆனால் ரத்தத்தை மட்டும் ஏற்றிக்கொண்டு மருந்தை விட்டுவிட்டால், பிள்ளையைப் பிழைக்க வைத்த அந்த ரத்தமே பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அதன் உயிருக்கு உலை வைத்துவிடும். வீட்டில் நோயாளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தோட்ட மக்கள் எல்லாரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இன்று இதை எழுதுகிறோம்.

சோகை என்றாலே டானிக்கா?

கமுந்திங் ஈயத்தால் எழும்பிய ஊர். பிறகு சுற்றுவட்டாரத்தில் ரப்பர் வந்தது. தைப்பிங், மாத்தாங், செலாமா பக்கமெல்லாம் நம்மவர்கள் பால்மரம் வெட்டிப் பிழைத்தார்கள். அந்தத் தோட்டங்களில் பல இன்று செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் தொழிற்சாலையாகவும் மாறிவிட்டன. லயத்தில் பிறந்தவர்கள் தாமான்களில் குடியிருக்கிறார்கள். ஆனாலும் தோட்டத்தில் பழகிய சில எண்ணங்கள் சட்டி பானையோடு சேர்ந்து நம்முடனேயே வந்துவிட்டன. "மூஞ்சி வெளுத்திருந்தா சோகை, சோகைன்னா இரும்பு டானிக்" என்பது அவற்றில் ஒன்று.

அந்தக் காலத்தில் அது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. கொக்கிப்புழு, மலேரியா, பற்றாக்குறைச் சாப்பாடு, அடுத்தடுத்துப் பிரசவம் இவையெல்லாம் சோகைக்குக் காரணமாக இருந்தன. தோட்ட ஆஸ்பத்திரி டிரசர் பூச்சி மருந்தும் இரும்பு மாத்திரையும் கொடுப்பார். பலருக்குக் குணமாகிவிடும்.

தலசீமியா அப்படிப்பட்ட சோகை இல்லை. நம் ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவது ஹீமோகுளோபின் என்னும் பொருள். மூச்சுக்காற்றை உடம்பெங்கும் சுமந்து செல்வது அதுதான். தாய் தகப்பனிடமிருந்து வரும் மரபுக் குறையால் இந்த ஹீமோகுளோபின் சரியாக உருவாகாமல் போவதே தலசீமியா. சிவப்பணுக்கள் குறை அணுக்களாகப் பிறந்து சீக்கிரமே அழிந்துவிடும். உடம்பில் இரும்பு இருக்கும். அதை வைத்து நல்ல அணுக்களைச் செய்யத்தான் உடம்புக்கு முடியாது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து மருத்துவர் தாமஸ் கூலி 1925-இல் இந்த நோயை முதன்முதலாக விவரித்து எழுதினார். அவர் கண்ட பிள்ளைகள் மத்திய தரைக்கடல் நாடுகளிலிருந்து குடியேறியவர்களின் வாரிசுகள். அதனால்தான் கடலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து தலசீமியா என்று பெயர் வந்தது. கடலோரத்து வெள்ளைக்காரர் நோய் என்று அப்போது நினைத்தார்கள். தென்கிழக்காசியாவிலும் இந்தியாவிலும் இது பரவலாக இருப்பது பின்னால் தெரிந்தது.

நம் நாட்டில் சுகாதார அமைச்சின் தலசீமியா பதிவேடு 2007-இல் தொடங்கியது. 2018 முடிய அதில் பதிவானவர்கள் 7,984 பேர். அவர்களில் மலாய்க்காரர்களே அதிகம். அடுத்து சபாவின் கடசான் டூசுன் மக்களும் சீனர்களும் வருகிறார்கள். இந்தியர் எண்ணிக்கை மிகச் சிறியது. "அப்படின்னா நமக்கு என்னங்க கவலை?" என்று கேட்பவர்கள் உண்டு. எண்ணிக்கை சிறியது என்பதாலேயே நம் பிள்ளையின் நோய் கவனத்துக்கு வராமல் டானிக் பாட்டிலோடு காலம் போய்விடக்கூடும் என்பதுதான் கவலை.

மேலும், நீண்டகால ரத்த நோய் தலசீமியா ஒன்று மட்டுமில்லை. சிவப்பணு அரிவாள் போல் வளைந்துவிடும் அரிவாள் அணுச் சோகை இருக்கிறது. இந்தியாவில் அந்த மரபு இருப்பதை 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நம் நீலகிரி மலைவாழ் மக்களிடம்தான் முதலில் கண்டார்கள். மலேசிய இந்தியரிடையேயும் அது இருப்பதை மருத்துவர் லை-இன்ஜோவும் உடன் பணியாற்றியவர்களும் 1980-களில் ஆராய்ந்து எழுதினார்கள். எலும்பு மஜ்ஜை வேலை செய்யாமல் போய் ரத்தம் ஊறாமல் நிற்கும் நோயும் இருக்கிறது. எந்த நோயாக இருந்தாலும், அடிக்கடி ரத்தம் ஏற்றுகிறவர் எல்லாருக்கும் இரும்புத் தொல்லை ஒன்றுதான்.

ஆகவே முதல் வேண்டுகோள். முகம் வெளுத்த பிள்ளைக்குக் கடையில் இரும்பு டானிக் வாங்கிக் கொடுப்பதற்கு முன், ஒரு தடவை ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இரண்டு மூன்று மாதம் இரும்பு மாத்திரை சாப்பிட்டும் சோகை குறையவில்லை என்றால், "இது வேற சோகையா இருக்குமா டாக்டர்?" என்று வாய் திறந்து கேளுங்கள்.

ஒரு பையில் எவ்வளவு இரும்பு?

இந்தக் கணக்கு விளங்கிவிட்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நல்ல ஆரோக்கியமான ஒருவர் உடம்பில் மொத்தமே 3 முதல் 4 கிராம் இரும்புதான் இருக்கிறது. ஒரு சின்ன ஆணியின் எடை. நாம் சாப்பிடும் சோறு, கறி, கீரையிலிருந்து ஒரு நாளைக்கு உடம்பில் சேர்வது 1 அல்லது 2 மில்லிகிராம். ஏறக்குறைய அதே அளவு தோலிலும் குடலிலும் உதிரும் செல்களோடு போய்விடுகிறது. வரவும் செலவும் சரி.

ஆனால் கூடுதலாக வந்த இரும்பை வெளியே தள்ள உடம்பில் வழி கிடையாது. உப்பு கூடினால் சிறுநீரில் போகும். தண்ணீர் கூடினால் வியர்வையிலும் போகும். இரும்புக்கு மட்டும் உள்ளே வர வாசல் உண்டு, வெளியே போக வாசல் இல்லை.

இப்போது ரத்தப் பையைப் பாருங்கள். ஒரு பை ரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. நான்கு முதல் எட்டு மாதச் சாப்பாட்டிலிருந்து உடம்பில் சேர வேண்டிய இரும்பு, சில மணி நேரத்தில் ஒரே பையில் இறங்கிவிடுகிறது. மாதம் இரண்டு பை ஏற்றும் ஒரு பெரியவருக்கு வருஷத்துக்கு 24 பை. ஒரு பைக்கு 200 மில்லிகிராம் என்று குறைத்து வைத்தாலும் 4,800 மில்லிகிராம், அதாவது 4.8 கிராம். உடம்பில் மொத்தமே இருக்க வேண்டிய இரும்பைவிட அதிகமான இரும்பு ஒரே வருஷத்தில் சேர்ந்துவிடுகிறது! அடுத்த வருஷம் இன்னொரு பங்கு. அதற்கடுத்த வருஷம் இன்னொரு பங்கு.

அதற்காக ரத்தம் ஏற்றாமல் இருக்க முடியுமா? முடியாது. கடுமையான தலசீமியா உள்ள பிள்ளைக்கு 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். ஏற்றாவிட்டால் வளர்ச்சி நின்றுவிடும், மண்ணீரல் வீங்கும், முகத்து எலும்பு மாறும், இருதயம் களைத்துப் போகும். ஆக, ரத்தமும் வேண்டும், அதோடு வரும் இரும்பும் வெளியேற வேண்டும். சிகிச்சையில் ரத்தம் பாதி, இரும்பை நீக்கும் மருந்து மறுபாதி. பாதிச் சிகிச்சை எடுத்துக்கொண்டு முழுப் பலனை எதிர்பார்க்க முடியாது.

ரத்தமே ஏற்றாத, மிதமான தலசீமியாக்காரர்களுக்கும் இந்தத் தொல்லை வருவதுண்டு. ரத்தம் பற்றவில்லை என்ற தவிப்பில் அவர்களின் குடல் சாப்பாட்டிலிருந்து வேண்டியதற்கு மேல் இரும்பை உறிஞ்சிக்கொள்கிறது. "எனக்குத்தான் ரத்தம் ஏத்தறதில்லையே" என்று பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது.

இரும்பு எங்கே போய் உட்காருகிறது?

முதலில் ஈரலில் சேர்கிறது. வருஷக்கணக்கில் சேர்ந்தால் ஈரல் தழும்பேறிக் கெட்டுப்போகும். பிறகு உடம்பின் வளர்ச்சியை ஆளும் சுரப்பிகளில் படிகிறது. பிள்ளை உயரமாக வளராது. பருவ வயது வந்தும் பெண் பிள்ளை பெரிய மனுஷி ஆகாமல் இருப்பாள், பையனுக்கு மீசை அரும்பாது. கணையத்தில் படிந்தால் இனிப்புநீர் வரும். தோலிலும் படியும். "வெயில்ல விளையாடிக் கறுத்துட்டான்" என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். ரத்தம் ஏற்றும் பிள்ளையின் நிறம் சாம்பல் பூத்தாற்போல் கறுத்துக்கொண்டே போனால், அது வெயில் தானா என்று சந்தேகப்பட வேண்டும்.

கடைசியாக இரும்பு இருதயத்தில் படிகிறது. உயிரைக் கொண்டுபோவது பெரும்பாலும் இதுதான். இருதயத் துடிப்பு தாளம் தப்பும், இருதயம் வீங்கிப் பலமிழக்கும். இரும்பை நீக்கும் மருந்து வருவதற்கு முன்னால், ஒழுங்காக ரத்தம் ஏற்றிய பிள்ளைகளும்கூட இருபது வயதை எட்டும் முன் இருதயம் நின்று இறந்தார்கள். மருந்தை ஒழுங்காக எடுத்தவர்கள் இன்று நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டி, வேலைக்குப் போய், கல்யாணம் செய்து, பிள்ளை குட்டியோடு இருக்கிறார்கள். இரண்டு கூட்டத்தாரும் ரத்தம் ஏற்றியவர்கள்தான். இரண்டாவது கூட்டத்தார் இரும்பையும் இறக்கினார்கள்.

இதில் ஏமாற்றம் தருவது என்னவென்றால், பல வருஷங்களுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. வலிக்காது, காய்ச்சல் வராது. ஒரு வாரம் மருந்தை விட்டாலும் பிள்ளை அதே மாதிரிதான் இருக்கும். "விட்டுப் பாத்தோம், ஒண்ணும் ஆகலையே" என்ற தைரியம் வந்துவிடும். அந்தத் தைரியம்தான் ஆபத்து.

உள்ளே எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று அறியப் பரிசோதனை உண்டு. ரத்தத்தில் ஃபெரிட்டின் அளவைப் பார்ப்பது ஒன்று. 10 முதல் 20 தடவை ரத்தம் ஏற்றிய பிறகோ, ஃபெரிட்டின் 1,000-ஐத் தாண்டிய பிறகோ மருந்தைத் தொடங்குவது வழக்கம். தொடர்ந்து 2,500-க்கு மேலேயே நின்றால் இருதயத்துக்கு ஆபத்து கூடுகிறது. ஆனால் காய்ச்சல், ஈரல் அழற்சி வந்தாலும் இந்த எண் ஏறும். ஒரே ஒரு எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, காந்தப் பொறியில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படம். இருதயத்திலும் ஈரலிலும் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்பதை உடம்பைக் கிழிக்காமலேயே இது காட்டிவிடும். இருதயத்துக்கு டீ-டூ ஸ்டார் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். 20-க்கு மேல் இருந்தால் நல்லது. 10-க்குக் கீழே போனால் அவசரம். ஃபெரிட்டின் குறைவாக இருந்தும் இருதயத்தில் இரும்பு நிறைந்திருப்பவர்கள் உண்டு என்பதால் இந்தப் படம் முக்கியம்.

மூன்று மருந்துகள்

இரும்பைப் பிடித்து வெளியே இழுத்துப் போகும் மருந்துகள் இன்று மூன்று உள்ளன.

முதலாவது டெஃபெரோக்சமின். டெஸ்ஃபெரால் என்ற பெயரில் பல வீடுகளில் தெரியும். மண்ணில் வாழும் ஒரு கிருமியிலிருந்து கிடைத்த இந்த மருந்து 1960-களில் வந்தது. வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கடியில் சிறு ஊசியைக் குத்தி, கையடக்கமான ஒரு பம்பு மூலம் 8 முதல் 12 மணி நேரம் மெதுவாக ஏற்ற வேண்டும். வாரத்தில் 5 முதல் 7 இரவுகள். ஊசி குத்திய இடம் தடித்துப் போகும், அரிக்கும். தினமும் இடத்தை மாற்றிக் குத்த வேண்டும்.

இரண்டாவது டெஃபெரிப்ரோன் மாத்திரை. ஒரு நாளைக்கு மூன்று வேளை. 1990-களின் நடுவில் இந்தியாவில்தான் இது முதலில் விற்பனைக்கு வந்தது. இருதயத்து இரும்பை இழுப்பதில் நல்ல பெயர் எடுத்தது. ஆனால் சிலருக்கு வெள்ளணுக்கள் திடீரென்று விழுந்துவிடும். அதனால் மருத்துவர் சொல்லும் தவணையில் ரத்தப் பரிசோதனை தவறக் கூடாது. இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால், மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாளைக்குப் பார்ப்போம் என்று பனடோல் போட்டுக்கொண்டு படுக்கக் கூடாது.

மூன்றாவது டெஃபராசிராக்ஸ். 2005-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரு நாளைக்கு ஒரு வேளைதான். தண்ணீரில் கரைக்கும் வகையும் உண்டு, விழுங்கும் வகையும் உண்டு. கரைக்கும் வகையை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்துக்கு முன் எடுக்க வேண்டும். பாலிலோ சோடா பானத்திலோ கரைக்கக் கூடாது. சிறுநீரகத்தையும் ஈரலையும் அடிக்கடி சோதித்துப் பார்ப்பார்கள்.

எந்த மருந்து யாருக்கு, எவ்வளவு, இரண்டைச் சேர்த்துக் கொடுப்பதா என்பதெல்லாம் மருத்துவர் எடை பார்த்து, பரிசோதனை பார்த்து முடிவு செய்ய வேண்டியவை. பக்கத்து வீட்டுப் பிள்ளை சாப்பிடும் மாத்திரையை வாங்கி நம் பிள்ளைக்குக் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

மருந்து தொடங்கியதும் சிறுநீர் சிவந்து போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்தியவர்கள் உண்டு. டெஸ்ஃபெராலிலும் டெஃபெரிப்ரோனிலும் அப்படி ஆகும். மருந்து பிடித்த இரும்பு வெளியே போகிறது என்பதற்கு அது அடையாளம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

ரத்தம் ஏற்றுகிறவருக்கு இரும்பு டானிக், இரும்பு சேர்த்த சத்து மாத்திரை கூடவே கூடாது. "ரத்தம் ஊறட்டும்" என்று ஆட்டு ஈரலாக வாங்கிக் கொடுப்பதையும் நிறுத்துங்கள். மற்றபடி சோறு, மீன், காய்கறி என்று நல்ல சாப்பாடு வேண்டும். கீரைக்குப் பயந்து பிள்ளையைப் பட்டினி போட வேண்டாம். சாப்பாட்டில் வரும் இரும்பு, ரத்தப் பையில் வருவதோடு பார்த்தால் சொற்பம்.

சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் இரும்பு உடம்பில் சேர்வது குறையும். சாதாரணச் சோகை உள்ளவர்களுக்கு வேண்டாம் என்று சொல்லப்படும் பழக்கம், இவர்களுக்கு, முக்கியமாக ரத்தம் ஏற்றாத தலசீமியாக்காரர்களுக்கு, நன்மை செய்கிறது. ஆனால் தேத்தண்ணி மருந்தாகிவிடாது.

வைட்டமின் சி மாத்திரையை நம் இஷ்டத்துக்குக் கொடுக்கக் கூடாது. டெஸ்ஃபெரால் ஏறும் நேரத்தில் மருத்துவர் சொன்ன சிறிய அளவு மட்டுமே. இல்லாவிட்டால் உள்ளே படிந்திருக்கும் இரும்பைக் கிளப்பிவிட்டு இருதயத்துக்குக் கேடு செய்யும்.

காய்ச்சலோடு வயிற்றுவலியும் பேதியும் வந்தால் டெஸ்ஃபெராலை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரும்பு மிகுந்த உடம்பில் சில கிருமிகள் வேகமாகப் பெருகும். கல்யாணமான பெண் கர்ப்பம் தரிக்க நினைத்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கண் பார்வையையும் காது கேட்பதையும் வருஷத்துக்கு ஒருமுறை சோதிப்பது நல்லது.

எல்லாவற்றையும்விடச் சிரமம் பதின்ம வயதுப் பிள்ளைகளிடம்தான். சின்ன வயதில் அம்மா குத்திய ஊசிக்கு அழுதுகொண்டே படுத்த பிள்ளை, பதினைந்து வயதில் "போதும்மா, எனக்கு வேணாம்" என்கிறது. கூட்டாளிகள் வீட்டில் தங்க முடியவில்லை, பள்ளி முகாமுக்குப் போக முடியவில்லை என்று மனம் நொந்து போகிறது. திட்டினால் மாத்திரையைச் சாப்பிட்டதாகச் சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக வீசும். அந்த வயதில்தான் இருதயத்தில் இரும்பு படிவதும் வேகமாகிறது. அதட்டாமல், ஃபெரிட்டின் எண்ணைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து, "உன் கணக்கு இது, நீயே பாத்துக்க" என்று பொறுப்பை ஒப்படைத்த வீடுகளில் நல்ல பலன் கண்டிருக்கிறோம்.

லீவு கணக்கு

இதுவரை சொன்னது மருத்துவர்கள் சொல்வதுதான். இனி சொல்லப்போவது தொழிலாளி மட்டுமே அறிந்த கஷ்டம்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றினால் வருஷத்துக்கு 17 நாள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்றால் 13 நாள். இதற்கு மேல் எம்.ஆர்.ஐ., கண், காது, சுரப்பி மருத்துவர் என்று தனித்தனி நாள்கள். தைப்பிங் மருத்துவமனை கமுந்திங்கிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனால் உள்ளே தள்ளியிருக்கும் தோட்டங்களிலிருந்து மோட்டார் சைக்கிளில் நோயாளிப் பிள்ளையோடு வருகிறவர்களுக்கு அது முழுநாள் வேலை. ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தால் சொல்லவே வேண்டாம்.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி தொழிலாளிக்குக் கிடைக்கும் ஆண்டு விடுமுறை எவ்வளவு? இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு 8 நாள், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்கு 12 நாள், ஐந்து ஆண்டுக்கு மேல் 16 நாள். இருபது வருஷம் உழைத்தவரின் லீவுகூட 17 நாள் ரத்தம் ஏற்றுவதற்குப் போதாது! மருத்துவ விடுமுறை தொழிலாளியின் சொந்த நோய்க்குத்தான். பிள்ளையின் நோய்க்கு அதை எடுக்க முடியாது. ஆகவே தீபாவளிக்கும் லீவு மிச்சமில்லாமல், அதற்கு மேல் போகும் நாளுக்குச் சம்பளமும் இல்லாமல் பெற்றோர் ஓடுகிறார்கள். இப்படி ஓடிக் களைத்த வீட்டில்தான் மருந்துத் தவணையும் தவறுகிறது. "தாய் தகப்பனுக்குப் பொறுப்பில்லை" என்று வெளியிலிருந்து சொல்வது சுலபம்.

ஒரு தோட்டத்தில் வெட்டுக்காரர் ஒருவருக்கு, மாதா மாதம் பிள்ளையை மருத்துவமனைக்குத் தூக்கிப்போனதற்காக, அடிக்கடி வேலைக்கு வராதவர் என்று எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். சிகிச்சை அட்டையையும் தேதி போட்ட சீட்டுகளையும் மேசைமேல் வைத்துப் பேசிய பிறகுதான் நிர்வாகத்துக்கு விஷயம் விளங்கியது. அந்த நாளில் அவர் மரங்களை வேறொருவர் வெட்டுவது, ஓய்வு நாளில் அவர் ஈடு செய்வது என்று ஏற்பாடானது. முன்னமே பேசியிருந்தால் கடிதமே வந்திருக்காது.

எனவே பெற்றோர் செய்ய வேண்டியவை. ரத்தம் ஏற்றும் தேதிகளை மருத்துவமனையில் முன்கூட்டியே எழுதி வாங்கி, நகலை மண்டோரிடமும் ஆபீஸ் கிராணியிடமும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ச்சொல் காற்றோடு போய்விடும். வேலைச் சட்டத்தில் செய்யப்பட்டு 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் திருத்தப்படி, வேலை நேரத்தையோ வேலை நாளையோ மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தையும் எழுத வேண்டும். கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இதில் இல்லை. ஆனாலும் காரணம் எழுத வேண்டும் என்பதே பேசுவதற்கு ஒரு பிடி. கிளைத் தலைவர்கள் இந்த மனுவை எழுதிக் கொடுக்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

நோயாளியே தொழிலாளியாக இருந்தால் நிலைமை சற்று மேல். சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுமுறை, சேவைக் காலத்துக்கு ஏற்ப 14, 18, 22 நாள். மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தால் அதற்குத் தனியாக 60 நாள் வரை உண்டு. மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்கு நோய் என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தால், படுக்கையில் படுக்காவிட்டாலும் அது மருத்துவமனை விடுப்பாகவே கருதப்படும். இதைத் தெரியாமல் பலர் ஆண்டு விடுமுறையைக் கரைத்துக்கொள்கிறார்கள். 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

பணக் கஷ்டம் என்றால் மருத்துவமனையிலுள்ள சமூகப்பணிப் பிரிவைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

வருமுன் காக்க

கணவன் மனைவி இருவருமே தலசீமியா மரபைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்குக் கடுமையான நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. சுமப்பவர்கள் நோயாளிகள் இல்லை. நம்மைப் போல மரம் வெட்டுவார்கள், மூட்டை தூக்குவார்கள். ரத்தம் சோதித்தால்தான் தெரியும். அத்தை மகள், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள் பெண் எடுக்கும் நம் வழக்கத்தில், இருவருமே சுமப்பவர்களாக அமைந்துவிடும் வாய்ப்பு கூடுகிறது.

2016-இல் நான்காம் படிவ மாணவர்களுக்குப் பள்ளியிலேயே தலசீமியா பரிசோதனைத் திட்டத்தைச் சுகாதார அமைச்சு தொடங்கியது. பள்ளியிலிருந்து வரும் அனுமதித் தாளில் பெற்றோர் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். "எதுக்கு ஊசி, புள்ள பயப்படும்" என்று அந்தத் தாளைக் கிழித்துப்போட வேண்டாம். ஜாதகம் பார்ப்பவர்கள் பார்க்கட்டும், அதோடு ரத்தமும் பார்த்துவிடுங்கள். சைப்ரஸ் தீவில் 1980-களிலிருந்து கல்யாணத்துக்கு முன் தலசீமியா பரிசோதனைச் சான்றிதழை அங்குள்ள திருச்சபையே கேட்டது. புதிதாக நோயோடு பிறக்கும் பிள்ளைகள் அங்கே ஏறக்குறைய இல்லாமலே போனார்கள். ஒரு சின்னத் தீவு செய்ததை நம் கோயில் கமிட்டிகளும் மன்றங்களும் எடுத்துச் சொல்ல முடியாதா?

மூன்று கேள்விகள்

வீட்டில் ரத்தம் ஏற்றும் நோயாளி இருப்பவர்கள் இந்தத் தாளை வெட்டி, சிகிச்சை அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது மூன்று கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள்.

ஒன்று, இப்போது ஃபெரிட்டின் எவ்வளவு, போன தடவை எவ்வளவு? இரண்டு, இருதயத்துக்கும் ஈரலுக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்து எவ்வளவு காலம் ஆகிறது, அடுத்தது எப்போது? மூன்று, பிள்ளையின் எடை கூடியிருக்கிறதே, மருந்தின் அளவும் அதற்கேற்பக் கூட்டப்பட்டிருக்கிறதா?

பதிலை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். எழுதப் படிக்கச் சிரமப்படும் பெற்றோர் இருந்தால், பக்கத்து வீட்டில் படித்த பிள்ளைகள் எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டில் நோயாளி இல்லாதவர்கள் தைப்பிங் மருத்துவமனையில் ரத்த தானம் செய்யலாம். அந்தப் பிள்ளைகளுக்கு ஏறும் ஒவ்வொரு பையும் முகம் தெரியாத ஒருவர் கொடுத்தது.